மழைக்கு விட்ட குதிரைகள்

இலங்கையின் வன்னியில் நான் அறிந்த குளக்கட்டு ஐயனார்களில் அநேகருக்குக் குதிரை கிடையாது. ஒரு கல். பக்கத்தில் ஒரு சூலம். மேலே பாலையோ வேம்போ. கல்லின் அடியில் கர்ப்பூரம் எரிந்த கறுப்பு. அவ்வளவுதான் கோயில். ஆனாலும் இரவில் அவர் குதிரையேறிக் குளத்தையும் வயலையும் சுற்றி வருகிறார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இராது. காலபோக நெல் பால்பிடிக்கும் நாட்களில் யானைக்குக் காவலிருக்கும் கமக்காரர் பரணில் சற்றே கண்ணயர்ந்தாலும், குளத்தடியில் இன்னொருவர் விழித்திருக்கிறார் என்ற தெம்பு அது. கண்ணால் காணாத குதிரையின் மேல் வைத்த நம்பிக்கை.

அந்த ஐயனாருக்குக் காட்டுவழியில் போகிறவர் கொடுப்பதும் சொற்பம். ஒரு குழையை முறித்து மரக்கிளையில் கொளுவிவிட்டு, பிள்ளையாரையோ ஐயனாரையோ நினைத்துக்கொண்டு நடப்பது வன்னிக் காடுகளில் பழைய வழக்கம். தெற்கே அனுராதபுரப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் இது உண்டு. அங்கே அவர் ஐயநாயக்க தெய்யோ, குளக்கட்டுக்குத் தலைவர். மதமும் மொழியும் மாறிய இடத்திலும் குளத்தை விட்டு அவர் அசையவில்லை. கொளுவிய குழை பின்னேரத்துக்குள் வாடிவிடும். வாடியதைப் பார்க்க யாரும் திரும்பி வருவதில்லை.

இந்த எளிமையோடு வளர்ந்த கண்ணுக்கு, புதுக்கோட்டைச் சீமையில் இளங்குடிப்பட்டி ஐயனார் கோயிலைக் கண்டதும் கொஞ்சம் மிரட்சிதான் வரும். செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்கக் காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் வரும் பயணிகளை வழிகாட்டிகள் இங்கேயும் கூட்டி வருகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். கையில் தண்ணீர்ப் போத்தல், கழுத்தில் கமரா. மரங்களுக்கு நடுவே நீளும் பாதையின் இரு பக்கமும் மண் குதிரைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. நூற்றுக்கணக்கில். முன்வரிசையில் வர்ணம் மங்காதவை. அவற்றின் பின்னால் சுண்ணாம்பு உரிந்து சிவப்புத் தெரிபவை. அதற்கும் பின்னால் காதில்லாதவை, தலையில்லாதவை, நாலு கால் மட்டும் நிற்பவை. இன்னும் உள்ளே போனால் ஓட்டுக் குவியல். அதன் மேல் கொடி படர்ந்திருக்கிறது. வேர் ஒன்று ஒரு கழுத்துக்குள் நுழைந்து வயிற்று வழியாக வெளியே வந்திருக்கிறது. எங்கே குதிரை முடிகிறது, எங்கே மண் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

சுற்றுலாப் பயணியின் கண் முன்வரிசையில்தான் நிற்கும். உயரமானது, முழுசானது, வர்ணம் பளிச்சென்றிருப்பது. என் கமராவும் அதையே தேடியது. கொஞ்ச நேரத்தில் அது சலித்துப் போயிற்று. பின்வரிசைகள்தான் ஆளைப் பிடித்து இருத்துகின்றன. புதுக் குதிரை ஒரு வேண்டுதலின் அறிவிப்பு. உடைந்த குதிரையில் அந்த வேண்டுதலே தீர்ந்துபோய், வேண்டியவர் பேரும் போய், பிள்ளை வரம் கேட்டாரா மழை கேட்டாரா என்பதும் போய், வெறும் மண் மிஞ்சியிருக்கிறது. ஐயனாருக்கு எதிரில் மனிதக் கதைகள் கழன்று விழுந்த இடம் அது. அங்கே உட்கார்ந்தால் நம் கதையும் சற்று எடை குறைகிறது.

மர நிழலில் ஒரு பெரியவர் துண்டை விரித்து இருந்தார். எங்கேர்ந்து வர்றீக தம்பி என்றார். கிளிநொச்சி என்றேன். சிலோனா என்று கேட்டார். ஓம் ஐயா என்றதும் அந்த ‘ஓம்’ அவருக்குச் சிரிப்பை வரவழைத்தது. மந்திரம் சொல்றீக என்றார். பிறகு நான் கேட்டேன்: “இந்தப் பழைய குதிரைகளைத் திருத்துறதில்லையா ஐயா? ஒரு கொட்டகையாவது போடலாமே.”

“அது ஐயனாருக்குக் குடுத்தாச்சுல்ல. குடுத்ததுல நாம எப்படித் தம்பி கை வைக்கிறது?”

அவர் அதை ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குதிரைகள் பிறக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் அவருடைய பதில் இன்னும் தெளிவாகும். ஐயனாருக்குக் குதிரை செய்து கொடுக்கும் புரவி எடுப்புக்கு ஊர் கூடி நாள் குறிப்பார்கள். ஊரின் சார்பில் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தல் என்பது அதன் பெயர். வேளார் மண்பாண்டம் வனைகிறவர். பல ஐயனார் கோயில்களில் பூசாரியும் அவரே. கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவார். கால்களைக் குழாய்போல வனைந்து நிறுத்துவார். அவற்றின் மேல் வயிறு, மார்பு, கழுத்து என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். ஒரு பகுதி இறுகினால்தான் அடுத்ததைத் தாங்கும். அதனால் அவசரப்பட முடியாது. உள்ளே முழுக்க வெற்றிடம். வெப்பம் வெளியேற அங்கங்கே துளை. நிழலில் காயவைத்து, வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கிச் சுடுவார்கள். பெரியவை 15 அடிக்கு மேலும் போகும். அவற்றை நிற்கும் இடத்திலேயே வனைந்து, சுற்றிச் சூளை கட்டிச் சுடுவதும் உண்டு. தோளில் சுமக்கக் கூடியவற்றை மாலையும் துண்டும் சாத்தி, மேளத்தோடு குதிரைப் பொட்டலிலிருந்து கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். கண் திறப்பது கடைசியில்.

கண் திறந்து, பொங்கல் வைத்து, கும்பிட்டு முடிந்ததும் சனம் வீட்டுக்குப் போகிறது. அதன் பிறகு அந்தக் குதிரைக்கு யாரும் எதுவும் செய்வதில்லை. ஊர் கொடுத்த மண் ஒருவர் கையில் உருவாகி, ஊராரின் தோளில் ஏறி, கடைசியில் வெயிலுக்கும் மழைக்கும் கையளிக்கப்படுகிறது. மிச்ச வேலை மழைக்கு.

சீனத்தில் இதற்கு நேரெதிரான ஒரு மண் சேனை உண்டு. கி.மு. 210இல் இறந்த சின் ஷி ஹுவாங் என்ற பேரரசர் தன் கல்லறையைக் காக்க ஆயிரக்கணக்கான சுடுமண் வீரர்களையும் குதிரைகளையும் மண்ணுக்குள் புதைத்து வைத்தார். சாவுக்குப் பிறகும் அதிகாரம் அழியக்கூடாது என்ற ஏற்பாடு. 1974இல் சியான் நகருக்கு அருகே கிணறு வெட்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் அது தட்டுப்பட்டது. தோண்டி எடுத்தபோது வீரர்களின் முகத்தில் இருந்த பழைய வர்ணம், காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே சுருண்டு உதிர்ந்தது என்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு இருட்டில் பத்திரமாக இருந்த நிறம் அது. பேரரசரின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மனித மனத்தில் பாதி அவர்தான். மறுபாதி அந்தப் புதுக்கோட்டைக் கிராமத்தார். அவர்கள் வர்ணம் போகும் என்று தெரிந்தேதான் வர்ணம் பூசுகிறார்கள். அதையும் நன்றாகவே பூசுகிறார்கள், கழுத்து மணி, சேணத்துப் பூ, கடிவாள முடிச்சு ஒன்றும் விடாமல். அழியப் போவதுதானே என்ற அசட்டை ஒரு விரல்தடத்திலும் இல்லை. எனக்கு வியப்புத் தந்தது அதுதான். நிலைக்காது என்று தெரிந்ததை முழுமனதோடு செய்ய முடிகிறது அவர்களால்.

சைவ மரபுக்கு இது புதிதும் இல்லை. ஆகமங்கள் கணிக லிங்கம் என்று ஒரு வகையைச் சொல்கின்றன. மண்ணால், மணலால், அரிசியால், புற்றுமண்ணால் அப்போதைக்குப் பிடித்து, பூசை முடிந்ததும் கலைத்துவிடுவது. கருங்கல் லிங்கத்துக்குள்ள மந்திரம்தான் இதற்கும். வருகிறவரை வரவேற்பது ஆவாகனம் என்றால் வழியனுப்பவும் ஒரு கிரியை உண்டு. இராமேசுவரத்து மூலவரைச் சீதை மணலில் பிடித்ததாகத்தான் புராணம். காஞ்சி ஏகாம்பரநாதர் பிருதிவித் தலத்து மண் லிங்கம்; அவருக்கு நீரால் திருமுழுக்கு இல்லை. வீட்டில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைக்கும்போது நாமும் இதைத்தான் செய்கிறோம். நாலு விரல் அழுத்திய அந்தக் கூம்பில் கடவுள் முழுசாக வந்து இருந்துவிட்டுப் போகிறார். அதிக காலம் இருந்தால்தான் அதிக தெய்வம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் கட்டுரை சுகமாக முடிந்திருக்கும். வன்னியிலிருந்து போனவன் அப்படி முடிக்க முடியாது.

எல்லாவற்றையும் விட்டுவிடு, எதுவும் நிலையில்லை என்று சொல்வது எளிது. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்க வேண்டிய சனம் யார் என்று யோசிக்க வேண்டும். இறுதிப் போரில், 2008இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை, கிளிநொச்சியிலிருந்து கிழக்கே, மேலும் கிழக்கே என்று உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றிப் போனவர்கள் ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒரு பகுதியை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். கூரைத் தகரம், நெல் மூடை, தையல் இயந்திரம், சாமிப் படம். முள்ளிவாய்க்காலில் பலருக்கு இறக்கி வைக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. மனிதர்களையே விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களிடம் போய்ப் பற்றறுப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. பறிகொடுத்ததற்குத் துறவு என்று பெயர் வைப்பது ஆன்மிகத்தின் பெயரால் செய்யும் ஒரு கொடுமை. இளங்குடிப்பட்டிப் பெரியவர் சொன்ன வார்த்தை எனக்கு இங்கேதான் உதவியது. அவர் அழிந்துபோயிற்று என்று சொல்லவில்லை, குடுத்தாச்சு என்றார். மண் தந்து, தோள் தந்து, மனசாரக் கொண்டுவந்து வைத்த பிறகு கரைவது வேறு. கையிலிருந்து பிடுங்கப்பட்டு உடைவது வேறு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஓட்டுக் குவியலாகத்தான் தெரியும்.

ஆனாலும் அதே சனம் திரும்பி வந்தபோது செய்ததை மறக்க முடியவில்லை. தரப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டே பல ஊர்களில் கோயிலடியில் பொங்கலுக்கு நாள் பார்த்தார்கள். மடைக்கு வைக்கும் புதுப் பானையை வன்னியில் வளந்து என்போம். அதை நேர்ந்து வைப்பதென்றால் சும்மா இல்லை, ஊர் விரதமிருக்கும். வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். அதற்கு முந்திய நாட்களில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். எண்ணெய் இல்லை, கடல் தண்ணீர். எல்லாம் பறிபோன மனிதருக்குக் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று கையில் இருப்பது, பெறுவதற்கு இருப்பதை விடப் பெரிய ஆறுதல் என்று அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தபோது விளங்கியது. நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றவர் அங்கே வந்து, தன் கையால் அரிசி போடுகிறவராக மாறிவிடுகிறார்.

களிமண் உருவங்கள் நம் வறண்ட நிலத்துக்கு அந்நியமும் இல்லை. புத்தளத்துத் தப்போவையிலும் வில்பத்துக் காட்டு மரதன்மடுவையிலும் சுடுமண் மனித உருவங்களும் விலங்குகளும் உடைந்த துண்டுகளாகக் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஆய்வாளர் பி. இ. பி. தெரணியகல அந்த இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்தே அந்தப் பண்பாட்டுக்குப் பெயரிட்டார். பிறகு அனுராதபுரத்தின் சுற்றுப்புறக் கிராமங்களிலும் அகழ்ந்தெடுத்தார்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் உருத்திரபுரம், குஞ்சுப்பரந்தன் பக்கமும் சுடுமண் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. பெரிய தாதுகோபங்களும் கற்கோயில்களும் எழுந்த அதே நிலத்தில், கல்வெட்டில் பெயர் வராத சனம் குளத்து மண்ணை எடுத்துத் தங்கள் வேண்டுதலுக்கு உருவம் கொடுத்திருக்கிறது. மழைக்காகவா, மாட்டுக்காகவா, பிள்ளைக்காகவா, யார் கண்டது. அந்தத் துண்டுகளின் படங்களைப் பார்த்தபோது எனக்கு இளங்குடிப்பட்டியின் பின்வரிசைதான் கண்ணில் வந்தது.

மண் குதிரையைக் காப்பாற்றி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஐயனாருக்கு ஒரு திறந்தவெளி இடம் இருக்கிறது. டெல்லி கைவினை அருங்காட்சியகத்திலும் தமிழ்நாட்டுப் பெருங்குதிரைகள் நிற்கின்றன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். நகரத்துப் பிள்ளைகள் மண்ணின் பெருமையை வேறெங்கே பார்ப்பார்கள்? ஆனால் அங்கே நிற்கும்போது கும்பிடக் கை எழுவதில்லை. வேளாரின் கைத்திறன் இருக்கிறது, அழகு இருக்கிறது. ஊர் கொடுத்த பிடிமண் இல்லை. யாரோ ஒருவரின் காய்ச்சல், யாரோ ஒருவரின் கடன், யாரோ ஒருவரின் வற்றிய கிணறு அந்தக் குதிரைக்குள் இல்லை.

வன்னியில் அப்படியொரு திறந்தவெளி மண் சிற்பக் கூடம் இல்லையே என்று திரும்பி வரும்போது நினைத்தேன். மாங்குளம் தாண்டி வடக்கே வரும் வழியில், முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்து, கச்சான் சரையை வாங்கிக்கொண்டு காட்டுப் பக்கம் பார்த்தேன். இருந்தது. எப்போதும் இருந்தது. புற்றுகள்.

வன்னிக் காட்டில் ஆளுயரப் புற்றுகளைக் காணாமல் நெடுந்தூரம் நடக்க முடியாது. கோபுரம்போல் அடுக்கடுக்காக, சுவர்போல் மடிப்பு மடிப்பாக, ஒன்றைப்போல் ஒன்றில்லாமல். கட்டுகிற கறையான் சில மில்லிமீற்றர் நீளமே. மண் துகளை வாயில் எடுத்து, உமிழ்நீரில் குழைத்து ஒட்டுகிறது. மேலே தெரிவது காற்றோட்டத்துக்கான கட்டடம். கீழே காளான் தோட்டம் வளர்த்து, அதை உண்டு, வெளியே வெயில் கொதித்தாலும் உள்ளே ஈரமும் சூடும் மாறாமல் பார்த்துக்கொள்கிறது. கட்டும் வேலையாட்களுக்குக் கண் பார்வை கிடையாது. எஞ்சினியர் கிடையாது, வரைபடம் கிடையாது. மனிதர் செய்த குதிரைக்குக் கடைசியில் கண் திறக்கிறோம். இங்கே கண்ணே இல்லாத கைகள் கோபுரம் எழுப்புகின்றன. மாரி மழையில் ஒரு பக்கம் இடிந்தால் இரவோடு இரவாக ஈரமண்ணில் மறுபடி தொடங்கிவிடுகின்றன.

அதனால்தானோ என்னவோ, நம் பெரியவர்கள் புற்றைச் சும்மா விடவில்லை. புளியங்குளத்தை அடுத்த புதூரிலும் புளியம்பொக்கணையிலும் நாகதம்பிரானைத் தேடிச் சனம் போகிறது. புற்றடியில் பாலும் முட்டையும் வைக்கிறார்கள். புற்றுமண்ணைத் திருநீறாகப் பூசுகிறார்கள். அதே புற்றுமண்ணைக் குழைத்துத்தான் மண் வீட்டுச் சுவரையும் வைத்தார்கள். வீடும் கோயிலும் ஒரே மண். புற்றின் முன் நின்றால் பயமும் மரியாதையும் கலந்த ஒரு அடக்கம் தானாக வரும். உள்ளே நாகம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தத் தெரியாமையைக் கையால் கிண்டிப் பார்க்காமல் கும்பிட்டு நகர்வதும் ஒரு வழிபாடுதான். நமக்குத் தெரியாத ஒருவருடைய வீட்டுக்கு முன்னால் நிற்கிறோம் என்ற உணர்வு.

இப்போது குளக்கட்டு ஐயனார்கள் பலருக்குக் கட்டடம் எழும்புகிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஊர்ப் பாசத்தில் காசு அனுப்புகிறார்கள். மாபிள் தரை, இரும்புக் கதவு, பூட்டு. அவர்களுடைய அன்பைச் சந்தேகிக்க மாட்டேன். இழந்த ஊருக்கு ஏதாவது நிலையாகச் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது, எனக்கும் அது உண்டு. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் காவல் தெய்வத்தைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. யாரை யார் காவல் காக்கிறார்கள்? பாலை மரத்தை வெட்டாமல், கல்லை அதன் அடியிலேயே விட்டுவைத்த ஊர்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றையாவது அப்படியே விடச் சொல்லி அந்தப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.

நிலையாக ஒன்று செய்தே ஆக வேண்டும் என்றால் எனக்கொரு ஆசை. இரணைமடுக் குளத்தின் கனகாம்பிகை அம்மனிடம் பொங்கிவிட்டுத்தானே துருசு திறக்கிறார்கள். அது போல வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு என்று ஒவ்வொரு குளத்தடியிலிருந்தும் கமக்காரர் ஒரு பிடி மண் கொண்டுவந்து ஓரிடத்தில் போடட்டும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வேளார் குடும்பத்தை வரவழைத்து, நம் பிள்ளைகளையும் உடன் வைத்துப் பழக்கி, ஐயனாருக்கு ஒரு குதிரை செய்து ஒரு குளக்கட்டில் விடலாம். கூரை வேண்டாம், வேலி வேண்டாம், திருத்த வேலையும் வேண்டாம். சுற்றுலாத் திட்டக்காரருக்கு இது ஒத்துவராது. வருசா வருசம் கரைகிற காட்சிப்பொருளுக்கு யார் நிதி ஒதுக்குவார்? கமக்காரர் அமைப்புகளுக்கு ஒத்துவரும். ஆவணியில் குளம் வற்றிக் கிடக்கையில் மண் எடுத்தால், ஐப்பசி மழைக்கு முன் சுட்டுவிடலாம்.